சீக்குக் குமி

பிள்ளைப்பாக்கத்தில் அமிர்தநாதனுடைய பயிருக்குப் பழுக்கிற உரிமை கிடையாது. காலையில் ஜெபம் முடித்து, கஞ்சி போட்ட வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்குவார். எங்காவது ஓர் இலை மஞ்சள் காட்டினால் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார். அங்கேயே போட்டால் ரோட்டில் போகிறவன் பார்த்துவிடுவான். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படிக்குப் பின்னால் புதைப்பார். "செத்த பொணத்தக்கூட யாரும் இவ்ளோ மரியாதையா அடக்கம் பண்றதில்ல" என்பாள் அவர் மனைவி ஜெபமணி.

நிலம் இருந்த இடம் அப்படி. ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டின் வளைவில், ஒரு பக்கம் உதிரிபாகக் கம்பெனியின் மதில், மறுபக்கம் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்கள், நடுவில் இவருடைய ஒன்றரை ஏக்கர் பச்சை. வளைவில் கம்பெனி பஸ்கள் வேகம் குறைக்கும். நைட் ஷிப்ட் முடிந்து ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற பையன்கள்கூட அந்த இடம் வந்ததும் ஒரு கண்ணைத் திறந்து தன் பயிரைப் பார்க்கிறார்கள் என்பது அமிர்தநாதனின் நம்பிக்கை. அந்தப் பையன்களிடம் யாரும் கேட்டதில்லை.

மோட்டார் கொட்டகைமேல் ஒரு தகரப் பலகை: 'முன்னோடி உழவர் பேரவை. தலைவர்: தி. அமிர்தநாதன்.' பேரவையில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் மகனோடு அம்பத்தூர் போய்விட்டார். இன்னொருவர் நரசிம்மன். நிலத்தை விற்று மனை புரோக்கராகிவிட்டார். ஆனால் பேரவையிலிருந்து ராஜினாமா செய்யவில்லை, ஆகவே அவரும் முன்னோடி உழவர்தான்.

அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. அப்படி மின்விசிறி நின்றுபோன ஒரு மத்தியானம், வேளாண் கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கும் மகள் ஜெர்சி, அப்பா கருவாட்டுக் குழம்பில் கை வைத்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நம்ம நெலத்த ஒரு பட்டத்துக்கு எனக்குக் குடுங்க. சோயா போடணும். காலேஜ் கெணத்துல தண்ணி இல்ல."

"சோயான்னா?"

"மீல் மேக்கருங்க" என்றாள் ஜெபமணி.

"அது செடியில காய்க்குதா? நான் கம்பெனியில பண்றாங்கன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்." அமிர்தநாதன் ஒரு வாய் சோற்றை உருட்டினார். "குடுக்கறேன் பாப்பா. ஊரே நின்னு பாக்கறா மாதிரி வெச்சுத் தரேன். ஒரு பூச்சி, ஒரு சீக்கு..."

"சீக்கு வரணும்பா."

உருட்டிய வாய் இலையிலேயே நின்றது.

"துரு நோய்னு ஒண்ணு. பூசணத்தால வர்றது. எலைக்கு அடியில பொடி பொடியா புடிக்கும். அது வந்தாத்தான் எந்தச் செடி தாங்குது, எது தாங்கலன்னு தெரியும். வரப்பு ஓரம் பூரா சீக்கு சீக்கிரம் புடிக்கிற ரகத்த நட்டு, அங்கருந்து உள்ள பரவ விடணும்."

"ரோட்டு பக்கமுமா?"

"நாலு பக்கமும்."

"இன்னாம்மா நீ. நான் இன்னா பாவம் பண்ணேன்?"

ஜெர்சி தரையில் உட்கார்ந்து, சோற்றுப் பருக்கைகளை வைத்தே சொன்னாள். ஒன்று சீக்குத் தாங்குகிற செடி, ஒன்று தாங்காத செடி. போன வருஷம் பூராவும் இரண்டையும் சேர்ப்பதற்காகப் பூவோடு மல்லுக்கட்டியிருந்தாள். சோயாப் பூ அரிசி அளவுதான் இருக்கும். அது தானாக மலர்ந்து தன்னைத்தானே சேர்ந்துகொள்வதற்கு முன் இடுக்கியால் பிரித்து, மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பத்துப் பூ தடவினால் ஒன்று காய்த்தால் அதிர்ஷ்டம்.

"அதுல பொறந்த புள்ளைங்க அத்தினியும் சீக்கு தாங்கிச்சு. இப்ப எங்கிட்ட கீறது பேரப் புள்ளைங்க. இதுங்கள்ல மூணு தாங்கி ஒண்ணு விழுந்தா, தாங்கற கொணம் ஒரே ஒரு மரபணுவிலருந்து வருதுன்னு அர்த்தம். அப்புறம் அந்தக் கொணத்த நல்லா காய்க்கிற ரகத்துல ஏத்தறது சுலபம்."

"விழறது எதுக்கு? தாங்கறத மட்டும் எண்ணிக்கக் கூடாதா?"

"விழுந்தது எத்தினின்னு தெரிஞ்சாத்தான்பா தாங்கினதுக்கு மதிப்பு."

"அவருக்குப் புரியாதுடி" என்றாள் ஜெபமணி, குழம்பை ஊற்றியபடி. "இவுங்கப்பா தலப்பா கட்டாம கொல்லைக்குக்கூடப் போவமாட்டாரு. அந்தக் கொணம் இவருக்கு வந்துச்சு, உனக்கும் வந்துச்சு. இந்த வூட்டுல மூணு ஒண்ணு கெடையாது. நாலுக்கு நாலும் அதான்."

அமிர்தநாதன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். ஆனால் மறுநாள் டிராக்டர் வந்தது. மகள் கேட்டு இல்லையென்றார் என்று யாராவது சொல்லிவிட்டால் அதுவும் அவமானம்தானே.

விதைப்பில் அவர் குறை வைக்கவில்லை. கயிறு பிடித்து, பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு தாய்ச்செடியின் விதை ஒரு பாத்தியில், அடுத்ததன் விதை அடுத்ததில் என்று ஜெர்சி சொன்னபடியே போட்டார். சில விதை முளைக்காமல் போனதை அவள் எண்ணிக் குறித்துக்கொண்டாள். மற்றது மூன்றிலையாக விரிந்து வந்தபோது அமிர்தநாதன் வரப்பில் நிற்கும் நேரம் கூடியது. மீல் மேக்கர் செடி பார்க்க அவரை மாதிரியே, குட்டையாக, நிமிர்ந்து, மயிர் மயிராக இருந்தது.

பச்சை கட்டிய நாளில் விதைக் கம்பெனியிலிருந்து வட்டார மேலாளர் வனமாமலை வந்தார். ஜெர்சியின் ஆராய்ச்சிக்குப் பாதிப் பணம் கொடுப்பது அந்தக் கம்பெனிதான். காரை விட்டு இறங்கி, செடியைத் தொடாமல், தொட்ட மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, தங்களைப் போன்றவர்கள்தாம் இந்த மண்ணின் முதுகெலும்பு" என்றார். சாதாரணமாகப் பேசும்போதும் அவருக்கு முன்னால் மைக் இருப்பது போலவே இருக்கும். "இங்கே ஒரு மாபெரும் வயல் விழா எடுக்கிறோம். தங்கள் படத்துடன்."

"எம் படம் எதுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே அமிர்தநாதன் மீசையை ஒதுக்கிவிட்டு நேராக நின்றார்.

மழை பிடித்தது. விட்டு விட்டுத் தூறல், காலையில் இலை நனைந்தே கிடக்கும். பெரியவர் ஊரில் இல்லாதபோது வந்து உட்காரும் விருந்தாளி மாதிரி சீக்கு முதலில் வரப்போரச் செடிகளில் வந்து உட்கார்ந்தது. இலைக்கு மேலே ஊசி குத்தின மாதிரிப் புள்ளி, கீழே பழுப்புப் பொடி. ஜெர்சி கைகொட்டாத குறை. "வந்துடுச்சுப்பா, வந்துடுச்சு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அமிர்தநாதன் ரோட்டைப் பார்த்தார்.

வரப்பிலிருந்து உள்ளே போயிற்று. பாத்திகளில் அங்கங்கே ஒரு செடி பழுப்பேறி இலை கொட்ட, பக்கத்துச் செடிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றன. நரசிம்மன் புல்லட்டை வளைவில் நிறுத்திவிட்டுக் காலை ஊன்றிக்கொண்டார்.

"இன்னா நாதா, பயிருக்குச் சொறியா?"

"ஆராய்ச்சிடா. உனக்கு இன்னா தெரியும்."

"ஆராய்ச்சின்னா எனுக்கும் தெரியும். எம் மச்சான் நெலத்துல இப்டித்தான் மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணிகினு இருந்தாரு. அப்பால நான்தான் வித்துக் குடுத்தேன். உனுக்கும் நல்ல பார்ட்டி கீது. சொறி முத்தறதுக்குள்ள சொல்லு."

ஊரில் நரசிம்மனின் பிறந்த நாளுக்கு வருஷா வருஷம் பிளெக்ஸ் வைப்பார்கள். வைப்பவரும் நரசிம்மன்தான். ஆனால் படம் என்னவோ பெரிதாகத்தான் இருக்கும்.

சீக்கு முற்றிய பிறகுதான் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாக விழுகிற செடி கணக்கில் தப்பிவிடும் என்று ஜெர்சி காத்திருந்தாள். வயல் விழா திங்கட்கிழமை என்று முடிவானது. கல்லூரியில் ஏதோ தேர்வு, எழுதிவிட்டுச் சனிக்கிழமை வந்து எண்ணுகிறேன் என்று சொல்லி அவள் பஸ் ஏறினாள்.

அவள் போன மறுநாள் பிளெக்ஸ் வந்து இறங்கியது. அமிர்தநாதன் கொட்டகை வாசலில் அதை விரித்தார். விரித்துக்கொண்டே போனார், அவ்வளவு நீளம். 'நோயற்ற சோயா. நூறு சதவீதம் எதிர்ப்பு சக்தி.' எழுத்துக்கு மேலே ஒரு ஓரத்தில் வனமாமலை கும்பிட்டார். நடுவில், நரசிம்மனின் பிளெக்ஸில் நரசிம்மனுக்குக் கிடைத்ததைவிட அரை மடங்கு பெரிய மீசையோடு, அமிர்தநாதன். 'முன்னோடி விவசாயி.'

அவர் பிளெக்ஸைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். மறுபடி பிளெக்ஸைப் பார்த்தார்.

"பாப்பாதான் பாத்துட்டாளே" என்று ஜெபமணியிடம் சொன்னார். "சீக்கு வந்துச்சு, தெரிஞ்சிபோச்சு. செத்தவங்கள வூட்டுலயே வெச்சிகினா விருந்து போடுவாங்க?"

"அவ எண்ணணும்னுல்ல சொன்னா."

"நிக்கறத எண்ணட்டும். நல்லதத்தான எண்ணணும்."

வெள்ளிக்கிழமை அம்சவல்லி தன் ஆட்களோடு வந்து இறங்கினாள். அந்தச் சுற்று வட்டாரத்தில் களையெடுப்பு, நடவு, கடலை பிடுங்குவது எல்லாம் அவள் கூட்டம்தான். கம்பெனிக்கு ஆள் எடுத்ததில் பாதிப் பேர் கேன்டீன் வேலைக்குப் போய்விட, விட்ட இடத்தில் புதிதாகச் சேர்ந்தவள் சந்தனமாரி. புருஷன் தளவாய் பெயின்ட் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி, வாடகை அறை, திருநெல்வேலிப் பக்கம். அவள் பேச்சை அம்சவல்லியும் அம்சவல்லியின் பேச்சை அவளும் நக்கல் அடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

"இன்னாண்ணா, நல்ல செடிய வுட்டுட்டு பாடாவதியா கீறத மட்டும் புடுங்கணுமா?"

"ஆமா. ஆளுக்கொரு பாத்தி. புடுங்கின எடம் தெரியக் கூடாது, மண்ண இழுத்து மூடி மெதிச்சிடுங்க. எல்லாத்தையும் ஒண்ணா களத்துல கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடுங்க. ஈரம் காஞ்சதும் கொளுத்திக்கலாம்."

"எதுக்குண்ணாச்சி நட்டிய, எதுக்குப் புடுங்குதிய?" என்றாள் சந்தனமாரி.

"அதெல்லாம் ஆராய்ச்சி" என்றார் அமிர்தநாதன்.

வரப்போரச் செடிகள்மேல் அவருக்குத்தான் கோபம் அதிகம். ரோட்டுக்கு முகம் காட்டி மானத்தை வாங்கியவை அவை. அவற்றை அவரே பிடுங்கிக் கால்வாயில் வீசினார். மத்தியானத்துக்குள் நிலம் சவரம் செய்த முகம் மாதிரி ஆகிவிட்டது. வளைவில் திரும்பிய பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தது மட்டும் அவருக்குக் குறை.

சனிக்கிழமை ஜெர்சி வந்தாள். தோள்பையைக் கழற்றாமல் வரப்பில் நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"யாருப்பா பண்ணது?"

"நான்தான். எப்டி கீது? ஒரு பழுப்பு காட்டு பாக்கலாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்கும்.

"விதை அவ்ளோதான்பா இருந்தது. மறுபடி நான் பூவுலருந்து ஆரம்பிக்கணும். சேக்கணும், அதப் போட்டு எடுக்கணும், அதுக்கப்புறம் இது. அதுக்குள்ள எனக்குப் பணமும் நின்னுடும்." மண்ணைக் கையால் தடவினாள். "குழிகூட இல்ல."

"பாப்பா, எத்தினி மொளச்சிதுன்னு நீ குறிச்சு வெச்சல்ல. நிக்கறத கழிச்சா புடுங்கினது தெரிஞ்சிடும்ல?"

"புடுங்கினதெல்லாம் துருவா? தோ, அந்த மூலையில தண்ணி நின்னு வேரழுகி எத்தினி பழுத்துச்சு. அதையும் சேத்துத்தான் புடுங்கிகீறாங்க. அது சீக்கில்ல. எலையத் திருப்பிப் பாத்தாத்தான் தெரியும். எந்தப் பாத்தியில எத்தினின்னு தனித்தனியா வேணும். எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிட்டீங்கதான?"

"ஆமா" என்றார். தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு பழுத்த இலை இல்லாத தன் நிலத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

ஜெர்சி எழுந்து களத்துக்குப் போனாள், எதற்கென்று அவளுக்கே தெரியாமல். அவர் பின்னாலேயே போனார். தார்ப்பாயை ஒரு முனையில் தூக்கினார்கள்.

ஒரே கும்பலாக இல்லை. குமி குமியாக இருந்தது. பாத்திக்கு ஒன்றாக, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் அடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் அடையாளத்துக்கு ஒரு செங்கல், ஒரு தென்னமட்டை, ஒரு பிய்ந்த செருப்பு.

அமிர்தநாதனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஒண்ணா கொட்டச் சொன்னா, சொன்ன பேச்ச கேக்கறாளுங்களா பாரு."

"கத்தாதீங்கப்பா" என்றாள் ஜெர்சி. அவள் குரல் மாறியிருந்தது. "அம்சவல்லி அத்தையக் கூப்புடுங்க."

அம்சவல்லி வந்தாள், கையில் பாதி தின்ற பன்னோடு. கூட்டமும் வந்தது.

"எதுக்குத் தனித்தனியா வெச்சீங்க?" என்று கேட்டாள் ஜெர்சி.

அம்சவல்லிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பின்ன எப்டிம்மா வெப்பாங்க? அவ புடுங்கினது அவ குமி, நான் புடுங்கினது என் குமி."

விஷயம் இதுதான். கடலை பிடுங்கும்போது ஆளுக்கொரு பாத்தி, அவரவர் பிடுங்கியது அவரவர் குமி. அதில் காய் ஆய்ந்து அளந்தால்தான் பங்கு. குமி கலந்தால் அன்றைக்கு அடிதடி. வெள்ளிக்கிழமை பிடுங்கியதில் ஆய ஒன்றும் இல்லை, கூலியும் ஆளுக்கு இவ்வளவென்று பேசியாகிவிட்டது, மொத்தமும் கொளுத்தப்போகிற குப்பை. ஆனாலும் அடுத்தவளின் குமியோடு தன் குமியைக் கலக்க அந்தக் கூட்டத்தில் ஒரு கைக்கும் வரவில்லை. செருப்பை அடையாளம் வைத்தவள், இரண்டாவது செருப்போடு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"எந்தப் பாத்தி யாரோடதுன்னு ஞாபகம் கீதா?"

"அது மறக்குமா? தண்ணி நின்ன பாத்திய எந்தலையிலல்ல கட்டினாங்க."

அங்கேயே உட்கார்ந்தார்கள். ஜெர்சி ஒரு செடியை எடுத்து இலையைத் திருப்பி அழுத்திக் காட்டினாள். விரலில் செம்மண் மாதிரிப் பொடி ஒட்டியது. ஒட்டினால் துரு, ஒட்டாவிட்டால் வெறும் பழுப்பு. விரல் கறுத்தும் காய்ப்பேறியும் இருந்த பெண்களுக்குப் பொடி சரியாகத் தெரியவில்லை. வெள்ளையாக ஏதாவது வேண்டும் என்றாள். எல்லோரும் அமிர்தநாதனின் தோளைப் பார்த்தார்கள்.

அவர் துண்டை எடுத்தார். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாத துண்டு. ஒரு தடவை உதறி, களத்தின் நடுவில் விரித்தார்.

"நல்லா அழுத்துங்க" என்றார்.

ஒவ்வொரு இலையாகத் துண்டில் ஒற்றினார்கள். கறை பிடித்தது ஒரு பக்கம், பிடிக்காதது ஒரு பக்கம். ஜெபமணி சுண்டலும் டீயும் கொண்டுவந்தாள். முளைத்ததில் நிற்பதை எண்ணிக் கழித்துப் பார்த்தபோது எல்லாக் குமியும் ஜெர்சியின் கணக்கோடு ஒத்துப்போயிற்று. இரண்டைத் தவிர. அம்சவல்லியின் குமியில் அந்தப் பாத்தியில் பிடுங்கியதைவிடச் செடி கூட இருந்தது. சந்தனமாரியின் குமியில் குறைந்தது.

"நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றாள் சந்தனமாரி, யாரையும் பார்க்காமல். "தண்ணி குடிச்சிட்டு வாரதுக்குள்ள எங்குமி மெலிஞ்சு கெடந்துச்சு."

"யார்றி எடுத்தது? இன்னாம்மே பேசற?"

"நான் யாரையும் சொல்லலக்கா. செடிக்குக் கால் மொளச்சி நடந்து போயிருக்கும்லா."

"அம்சவல்லி" என்றார் அமிர்தநாதன்.

அம்சவல்லி பன்னின் மீதியை மடித்துத் தாளில் சுற்றினாள். மற்றவர்கள் குமியில் கை வைத்தால் அரை நாள் கூலியைப் பிடிக்கிற தலைவி அவள்.

"ரெண்டு கை எடுத்தேன்" என்றாள் கடைசியில். "கூட்டத்துக்கே பெரியவ நான். என் குமி சின்னதா இருந்தா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"சீக்குலயுமாக்கா பெருசு வேணும்?"

"பெருசுன்னா பெருசுதான்டி."

அமிர்தநாதனுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அவளுடைய நியாயம் அவருக்குச் சுத்தமாகப் புரிந்தது. எடுத்த செடிகள் மேலாகவே கிடந்தன, தண்ணீர் நின்ற பாத்தியின் களிமண் அவற்றின் வேரில் ஒட்டவில்லை. சந்தனமாரி தன்னுடையவற்றை எண்ணி, தூசி தட்டி, மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தும் வேலை இருந்தது. நிற்கிற செடிகளில் பெண்கள் கண்ணுக்குத் தப்பிய சீக்குச் செடிகளை ஜெர்சி முட்டி போட்டுத் தேடினாள். சாயங்காலம் போனில் தட்டிக் கணக்குப் போட்டாள். அமிர்தநாதன் பக்கத்திலேயே நின்றார்.

"வந்துடுச்சுப்பா. மூணு தாங்குது, ஒண்ணு விழுது. எல்லாப் பாத்தியிலயும்."

"சரியாவா?"

"கொஞ்சம் முன்ன பின்ன."

"ஏன் முன்ன பின்ன? கயிறு புடிச்சுத்தான நட்டேன்."

"சரியா வந்தாத்தான்பா என்னைச் சந்தேகப்படுவாங்க" என்று சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். "ஒரே மரபணு. ஒண்ணே ஒண்ணு. யாரும் இந்த ரெண்டு செடியிலயும் பாத்ததில்ல. நான்தான் பாத்தேன்."

"நம்ம நெலத்துல" என்றார் அமிர்தநாதன்.

"நம்ம நெலத்துல."

திங்கட்கிழமை காலை வனமாமலை ஷாமியானா ஆட்களோடு வந்தார். பிளெக்ஸ் ரோட்டைப் பார்த்து நின்றது. நிலத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "அற்புதம். நூறு சதவீதம் என்று அச்சடிக்கும்போது எனக்கே சிறிது நடுக்கம்தான். தங்கள் கைராசி மெய்யாக்கிவிட்டது ஐயா."

"சார், நூறு இல்ல" என்றாள் ஜெர்சி. "நாலுக்கு ஒண்ணு விழுந்திருக்கு. அதான் முடிவே. கணக்கு இந்தாங்க. விழுந்த செடியெல்லாம் களத்துல பாத்திவாரியா இருக்கு. அதையும் காட்டணும்."

"அம்மா, நாலுக்கு ஒன்று என்பது புத்தகத்துக்கு. வாங்குகிற விவசாயிக்கு நூறு."

"இது விக்கிற விதையே இல்ல சார். இன்னும் எத்தனை வருஷம் இருக்கு."

"அதையெல்லாம் மேடையில் பேச வேண்டாம்." மைக் இல்லாத குரல் ஒன்றும் அவரிடம் இருந்தது, அது இப்போதுதான் வெளியே வந்தது. "அடுத்த பட்டத்துக்குப் பணம் வேணும்ல? குப்பைய மூடிட்டு, பேசாம வந்து உக்காரு. ஐயா, தாங்கள் சொல்லுங்கள். தங்கள் படமே இருக்கிறது."

அமிர்தநாதன் பிளெக்ஸைப் பார்த்தார். நல்ல படம். மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. இந்த ரோட்டில் போகிற அத்தனை பஸ்ஸும் அதைப் பார்க்கும். அவர் திரும்பிக் களத்துப் பக்கம் போனார். பெரியவர் குப்பையை மூடத்தான் போகிறார் என்று வனமாமலை நாற்காலிகளை வரிசைப்படுத்தச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அவர் தலையில் ஒரு குமி இருந்தது. அந்த மனிதர் தலையில் சுமை வைத்து ஊர் பார்த்ததில்லை. ரோட்டோரம், முதல் பாத்தியின் தலைமாட்டில், பிளெக்ஸுக்கு நேர் முன்னால் இறக்கி வைத்தார். வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் அடுக்கினார். மறுபடி போனார்.

"ஐயா, என்ன செய்கிறீர்கள்? விருந்தினர் வரும் நேரம்."

"வரட்டும். எம் பொண்ணு கண்டுபுடிச்சத பாக்கத்தான வராங்க?"

ஜெர்சி அடுத்த குமியைத் தூக்கினாள். அம்சவல்லி கூட்டம் டீக்கு வந்திருந்தது. தன் குமியை இன்னொருத்தி தூக்குவதைப் பார்க்க முடியாமல் ஒவ்வொருத்தியும் ஓடிவந்து தன்னுடையதைத் தானே தூக்கினாள். பாத்திக்கு ஒன்றாகக் குமிகள் ரோட்டோரம் ஏறின. பிளெக்ஸில் முதலில் 'நோயற்ற' மறைந்தது, பிறகு 'நூறு சதவீதம்'. மீசைக்குக் கீழே பழுப்பாகச் சீக்குச் செடிகள் மட்டும் தெரிந்தன.

வனமாமலை பிளெக்ஸை அவிழ்க்கச் சொன்னார். "அடுத்த பட்டத்துக்கு எங்கள் கம்பெனியிடமிருந்து ஒரு பைசா எதிர்பார்க்க வேண்டாம்."

"படத்த எடுத்துகினு போங்க" என்றார் அமிர்தநாதன். "அடுத்த பட்டம் எம் பொண்ணு எம் மண்ணுல வெப்பா. வெதைக்கு உங்கள கேக்கல. அது அவ கையாலயே பண்ணது."

பிளெக்ஸ் சுருட்டப்படுவதை அவர் முழுவதும் பார்க்கவில்லை. மீசை வரைக்கும் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார் போயிற்று. ஷாமியானா மட்டும் நின்றது. அதற்கு வாடகை கொடுத்தாகிவிட்டது. அழைப்பைப் பார்த்து வாலாஜாபாத் பக்கமிருந்து வந்த விவசாயிகள் அதன் நிழலில் உட்கார்ந்து, ஜெர்சி சொல்வதைக் கேட்டார்கள். சிலர் எழுந்துபோய் இலையைத் திருப்பி விரலில் தேய்த்துப் பார்த்தார்கள்.

பத்து மணிக்குமேல் புல்லட் வந்து வளைவில் நின்றது. நரசிம்மன் காலை ஊன்றினார். ரோட்டோரம் மலை மாதிரிச் சீக்குச் செடி, அதன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அமிர்தநாதன்.

"இன்னா நாதா, மொத்தமும் போச்சா?"

"போகலடா. வந்துச்சு. நாலுக்கு ஒண்ணு, எம் பொண்ணு எதிர்பாத்தா மாதிரியே. போன வருஷம் அவ ஒரு பூவப் பிரிச்சி இன்னொரு பூவோட சேத்து வெச்சா. அதுக்குப் பேரப் புள்ளைங்க எப்டிப் பொறக்கும்னு புஸ்தகம் சொல்லிச்சு. இங்க வந்து அப்டியே பொறந்துகீது. உங்கண்ணு முன்னாடி."

"சீக்கு வந்ததுக்கா இவ்ளோ மெதப்பு?"

"எங்க வேணா சீக்கு வரும். கணக்கா எங்க வரும்?"

நரசிம்மன் வண்டியை ஸ்டாண்ட் போட்டு இறங்கி, ஒரு செடியை உருவி இலையைத் திருப்பிப் பார்த்தார். விரலில் பொடி ஒட்டியது. "அய்ய" என்று செடியைப் பக்கத்துக் குமியில் எறிந்தார்.

"எங்கடா போடற?" அமிர்தநாதன் அதை எடுத்து, வேரை ஒரு பக்கமும் நுனியை ஒரு பக்கமும் சரிசெய்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "அது சந்தனமாரி குமி. கலக்காத."